காத்தாயி போட்ட சோறு

2018 ஆகஸ்ட் 3, வெள்ளி

காத்தாயி வேடம் எனக்குத்தான் என்று துர்கா இன்று சொல்லிவிட்டாள். வரும் வழியில் பாசாரில் கருவாடு வாங்கவேண்டும் என்பதையே மறந்துவிட்டேன்.

துர்கா கோலாலம்பூரில் நாடகம் படித்துவிட்டு சுங்கை பட்டாணிக்குத் திரும்பியிருக்கும் பெண். முப்பது வயதுகூட இருக்காது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்த ரப்பர் தோட்டத்து ஆட்களைப் பற்றி நாடகம் எழுதியிருக்கிறாள். போனவர்களைவிட, இங்கே தோட்டத்து லயத்து வீடுகளில் நின்றுபோன பெண்களைப் பற்றித்தான் அதில் அதிகம். "செத்தவங்களப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்கக்கா. மிச்சம் இருந்தவங்க எப்படிப் பொழைச்சாங்கன்னு யாரும் கேக்கல" என்றாள்.

காத்தாயியின் புருஷன் ரெங்கனை லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மறு வருஷம் அவன் காலராவில் போய்விட்டான் என்று செய்தி வருகிறது. சின்னப் பெண்குழந்தையோடு நிற்கும் காத்தாயியைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கட்டிக்கொள்கிறார். சண்டை முடிந்தபின் ரெங்கன் உயிரோடு வந்து வாசலில் நிற்கிறான். "இந்த ஆள எனக்குத் தெரியாது" என்று சொல்லிக் காத்தாயி கதவைச் சாத்துகிறாள். அந்தச் சத்தத்தோடு மேடை இருண்டுவிடும்.

என் வீட்டுக்காரருக்குக் காலில் எண்ணெய் தேய்த்துவிடும்போது வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். லோரி கவிழ்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, இவரால் இன்னும் வலது காலை ஊன்ற முடியவில்லை. "நல்லாத்தான் வெரட்டுற" என்று சிரித்தார். சிரித்து நாளாகிவிட்டது.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

வெள்ளி, சனி லீவு முடிந்து ஆபீசைத் திறந்து, கூட்டி, சாமி படத்துக்கும் முதலாளியின் அம்மா படத்துக்கும் விளக்கேற்றினேன். முதலாளி வீரையாவின் லோரி கம்பெனியில் எனக்கு இது பதினோராவது வருஷம். இவரும் இங்கேதான் லோரி ஓட்டினார். நாங்கள் இருப்பது கம்பெனி வீடு.

அம்மா படத்தின் கீழே 'காத்தாயி அம்மாள்' என்று எழுதியிருக்கிறது. தோட்டத்தில் அந்தப் பெயர் எத்தனையோ பேருக்கு இருந்திருக்கும். திரி சரியில்லை போல. இரண்டு முறை அணைந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, வெள்ளி

ஒத்திகைக்கு ஒரு வயதான அம்மா வந்திருந்தார். எழுபத்தெட்டு வயதாம், கைத்தடி இல்லாமல் நடக்கிறார். கையில் டிபன் கேரியரில் எல்லாருக்கும் கொழுக்கட்டை. "இவங்க அஞ்சலையம்மா. காத்தாயியோட மூத்த மக. நம்ம நாடகத்துல வர்ற பாப்பா இவங்கதான்" என்றாள் துர்கா.

எனக்கு அவரைத் தெரியும். போன ஆயுத பூஜைக்கு ஆபீசுக்கு வந்தார். முதலாளி காலைத் தொட்டுக் கும்பிட்டு "அக்கா" என்று கூப்பிட்டார். அப்பா வேறு, அம்மா ஒன்று என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு என் முகம் ஞாபகம் இல்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

லோரி வரும் காட்சியை அசையாமல் பார்த்தார். கதவு சாத்தும் காட்சி வந்ததும், "இது யாரு சொன்னாம்மா?" என்று கேட்டார். தோட்டத்துப் பெரியவர்கள் சொன்னது என்றாள் துர்கா. "அப்படித்தான் சொல்லுவாங்க. நான் ஒன்னு சொல்லணும்" என்றார். துர்கா விளக்குக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் பேசலாம்மா என்றாள்.

ஆகஸ்ட் 13, திங்கள்

மத்தியானம் முதலாளி கூப்பிட்டார். "நாடகத்துல நடிக்கிறியாமே, பாக்கியம்" என்றார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கோபமாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னார். என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். கடைசிக் காட்சியைச் சொல்லும்போது மேசை மேல் இருந்த பேனாவை மூடித் திறந்துகொண்டே இருந்தார்.

"எங்க ஒத்திகை?"

"தமிழ்ப்பள்ளி மண்டபத்துல, முதலாளி."

"எந்தெந்த நாளு?"

வெள்ளி, சனி என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். டிரைவர்களைக் கூட்டி வந்து ரத்தம் கொடுக்க வைத்தவர். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா.

போகும்போது இவருக்கு என்று ஒரு கூடை ரம்புத்தான் பழம் கொடுத்தார். நல்ல இனிப்பு.

ஆகஸ்ட் 17, வெள்ளி

பள்ளி மண்டபம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கூரை பழுது பார்க்கிறார்களாம். கூரையில் ஒருவரையும் காணோம். முதலாளி அந்தப் பள்ளி வாரியத்தில் இருக்கிறார் என்பது துர்காவுக்குத் தெரியாது.

ரெங்கனாக நடிக்கும் மகேந்திரன் சார் இடைநிலைப் பள்ளி ஆசிரியர். தனக்குத் தெரிந்தவரின் டயர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது என்றார். எல்லாரும் அங்கே போனோம். ரப்பர் நாற்றம். ஆனால் காட்சி நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 20, திங்கள்

"இப்ப எங்க நடக்குது?" என்று முதலாளி கேட்டார். மீன் குழம்பு அடிபிடித்துவிட்டது. பாத்திரத்தை ஊறப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, வியாழன்

டயர் கடைக்காரர் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். முதலாளியின் லோரிகளுக்கெல்லாம் அவர்தான் டயர் போடுகிறார்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

மகேந்திரன் சார் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் கூடினோம். நாற்காலிகூட எடுத்துப் போடவில்லை.

"யாரோ உள்ளேர்ந்து சொல்றாங்க" என்றார் மகேந்திரன் சார். "வீரையா வேணாம்னு நெனைக்கிறாரு, டயர் கடைக்காரரே சொல்லிட்டாரு. இடம் எப்படித் தெரியுது அவருக்கு? டயர் கடைய நம்ம ஏழு பேரு, அஞ்சலையம்மா தவிர யாருக்கும் சொல்லல." நான் முதலாளி ஆபீசில் வேலை செய்வதை இவர்களிடம் சொன்னதில்லை.

அப்போதுதான் அஞ்சலையம்மா டிபன் கேரியரோடு வந்தார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

துர்கா மரியாதையாகத்தான் சொன்னாள். "அம்மா, கோச்சுக்காதீங்க. வீரையா உங்க தம்பி. இனிமே ஒத்திகைக்கு நீங்க வர வேணாம். நாடகத்தன்னிக்கு வந்து பாருங்க."

அவர் ஒரு நிமிஷம் எங்கள் எல்லாரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். "நான் அவன்கிட்ட பேசி நாலு மாசம் ஆச்சு" என்றார். பிறகு கேரியரை அங்கிருந்த மேசையில் வைத்துவிட்டு, "ஆறிப் போயிடும், சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனார். சாலையைக் கடக்க வெகுநேரம் நின்றார். கார்கள் விடவில்லை.

நான் அந்தப் பக்கம் போயிருக்கலாம். என் வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

யாரும் கேரியரைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 25, சனி

கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு அஞ்சலையம்மா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. லிப்ட் கெட்டுக் கிடக்கிறது. அந்த வயதில் எப்படி ஏறி இறங்குகிறாரோ.

கதவைத் திறந்து, "நீ வீரையா ஆபீசுப் பொண்ணுதானே" என்றார். அப்போதே தெரிந்திருக்கிறது. நேற்று எல்லார் முன்னாலும் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எதற்காக வந்தேன் என்றும் கேட்கவில்லை. பால் இல்லாமல் தே ஓ கலக்கிக் கொடுத்தார். அப்புறம் அவரே ஆரம்பித்தார். கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எங்கம்மா கதவச் சாத்தல, பாக்கியம். சாத்துறதுக்குக் கதவு எங்க இருந்துச்சு? அந்தப் பஞ்சத்துல லயத்துக் கதவெல்லாம் விறகாப் போச்சு. எங்க வாசல்ல சாக்குதான் தொங்கும்.

மத்தியான நேரம். அந்த மனுஷன் வந்து நின்னாரு. கால்ல பெரிய புண்ணு, துணி சுத்தியிருந்தாரு. எனக்கு யாருன்னு தெரியாது. அவரக் கொண்டுபோனப்ப எனக்கு மூணு வயசு. அம்மா அவரப் பாத்தா. அவரு அம்மாவப் பாத்தாரு. அப்புறம் அவ இடுப்புல இருந்த தம்பியப் பாத்தாரு. வீரையாவுக்கு அப்ப ஏழெட்டு மாசம். யாரும் ஒன்னும் பேசல.

அம்மா உள்ள போயி சோறு கொண்டாந்தா. மரவள்ளிக்கிழங்கு கலந்த சோறு. வாசல்ல உக்கார வச்சு, எலை போட்டு, வழியில போறவங்களுக்குப் போடுற மாதிரிப் போட்டா. என்னையக் கூப்பிட்டு, 'அந்த மாமாவுக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடு'ன்னா."

"மாமான்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"மாமான்னுதான் சொன்னா. நான் கொண்டுபோனேன். சாப்பிட்டுக்கிட்டே 'உன் பேரு என்னம்மா'ன்னாரு. அஞ்சலன்னேன். 'நல்ல பேரு, யாரு வச்சா'ன்னாரு. எங்கப்பான்னேன். 'அப்பா எங்க'ன்னாரு. சயாம்ல செத்துட்டாருன்னேன். அப்படித்தானே எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"பாதிச் சோத்துல கைய நிறுத்திட்டாரு. எலைய மடிச்சாரு. என் தலையத் தொடலாம்னு கைய நீட்டுனாரு, எச்சக் கைன்னு இழுத்துக்கிட்டாரு. தண்ணியக் குடிச்சாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்புறம் எங்க போனாரு, என்ன ஆனாரு, ஒன்னும் தெரியல. அது யாருன்னு அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு மொத நாளு."

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரே சொன்னார்.

"மண்டோரு கெட்டவரு இல்ல. ஆனா இவரு வந்தது தெரிஞ்சா, தான் பெத்த ஆம்பளப் புள்ளய வச்சுக்கிட்டு அம்மாவ மட்டும் போகச் சொல்லியிருப்பாரு. தம்பி பால்குடி. 'இடுப்புல இருந்தவன இறக்கி விட முடியல, அஞ்சல'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கு மேல நானும் கேக்கல."

சோறு போட்டதை நாடகத்தில் வைக்கச் சொன்னார். "ஆனா தம்பி இருந்தத வைக்காத. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. தன்னாலதான் அந்த மனுஷன் போனாருன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான். பெரிய ஆளு மாதிரி இருப்பான், உள்ளுக்குள்ள அப்படி இல்ல. எனக்குச் சத்தியம் பண்ணிக்குடு."

கொடுத்தேன்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

அந்தப் படத்துக்கு விளக்கேற்றக் கை போகவில்லை. ஏற்றினேன்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

சுதந்திர தினம். தெருவெல்லாம் கொடி. துர்காவை ஒரு மீ கோரிங் கடையில் தனியாகச் சந்தித்தேன். சோறு போட்டதை, தண்ணீர் கொடுத்ததை, பிள்ளை சொன்னதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போது குழந்தையைப் பற்றியும் வாயில் வந்துவிட்டது. சத்தியம் செய்தேன் என்பதை அப்புறம்தான் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்.

துர்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "கதவு சாத்துற சத்தத்துக்காகத்தான்க்கா நான் மொத்த நாடகத்தையும் எழுதினேன்" என்றாள். முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "சரி, கதவ எடுத்துடலாம். ஆனா கைக்குழந்தை இல்லாம அந்தக் காட்சி நிக்காது. அவ ஏன் அப்படிச் செஞ்சான்னு பாக்குறவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"அந்தம்மா வேணாம்னு சொல்றாங்க."

"அந்தம்மா நம்மளக் காட்டிக் குடுத்தவங்க."

"அவங்க இல்ல" என்றேன்.

துர்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள். "நீங்க வீரையா ஆபீசுல இருக்கீங்கன்னு மகேந்திரன் சார் சொன்னப்ப நான் நம்பல. நாளைக்கு ஒத்திகை எங்கன்னு உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லல. கவனிச்சீங்களாக்கா?"

கவனிக்கவில்லை. மகேந்திரன் சார் மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

"வேற ஆளு போட நேரமில்ல. போட்டாலும் தோட்டத்துப் பேச்சு வராது" என்றாள். எழுந்து போய் இரண்டு பேருக்கும் அவளே பணம் கொடுத்தாள். கடை வாசலில் நின்று, இடத்தைச் சொன்னாள். ஒரு சீனருடைய பூப்பந்து மண்டபம். நாடகமும் அங்கேதான்.

"இத முதலாளிகிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்" என்றாள்.

செப்டம்பர் 3, திங்கள்

முதலாளி கேட்டார். நான் சொல்லவில்லை.

இதை எழுதுவது சுலபமாக இருக்கிறது. அங்கே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். "சொல்ல முடியாது, முதலாளி. மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் தோட்டத்துப் பள்ளியில படிக்கிறப்ப எனக்கு என்னா பேரு தெரியுமா? புருஷன வெரட்டுனவ மகன். வாத்தியார்கூட ஒருநா சொல்லிட்டாரு. எங்கம்மா செத்தப்ப லயத்துல பாதிப் பேரு எட்டிப் பாக்கல. நான் சம்பாதிச்சு, கோயிலுக்குச் செஞ்சு, பள்ளிக்குச் செஞ்சு, இப்பதான் அந்தப் பேரு அடங்கியிருக்கு. அத நீங்க மேடை போட்டு மைக்குல சொல்லப் போறீங்க."

அதெல்லாம் இல்லை, கதவே இல்லை, உங்கள் அம்மா விரட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்றுதான் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் பேசாமல் நிற்பதை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

"நீ மேடை ஏறுனா, சாவியக் குடுத்துடு. வீட்டையும் யோசிச்சுக்க."

செப்டம்பர் 4, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். "அவரு கொண்டாந்து குடுத்த ரத்தம் என் உடம்புல ஓடுது" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 6, வியாழன்

இவர் இன்னும் பேசவில்லை. தானே தண்ணீர் எடுக்கப் போய் விழுந்தார். தூக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

செப்டம்பர் 8, சனி

ஒத்திகையில் துர்கா துணியைச் சுருட்டிக் குழந்தையாக என் கையில் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. சத்தியத்தை மீற மாட்டேன் என்றேன். மகேந்திரன் சார் அலுத்துக்கொண்டார். குழந்தை இல்லாமல் நடித்தோம். நான் சோறு போட்டேன், அவர் சாப்பிட்டார், சின்னப் பெண் கீர்த்தனா தண்ணீர் கொண்டுவந்து பேசினாள், அவர் எழுந்து போனார்.

முடிந்ததும் எல்லாரும் சாமான்களை எடுத்து வைத்தோம். கீர்த்தனா மட்டும், "அந்த அம்மா ஏன் இவ்ளோ கெட்டவங்களா இருக்காங்க?" என்று கேட்டாள்.

துர்கா என்னைப் பார்த்தாள். துணிச் சுருட்டைத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் வைத்தாள். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

செப்டம்பர் 13, வியாழன்

விநாயகர் சதுர்த்தி. சுண்டல் செய்தேன். சாவியை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் இல்லை. விளக்கேற்றிவிட்டுத்தான் வந்தேன்.

இவரிடம் சொன்னேன். "வீடு மாறணும்னா என் கட்டில மொதல்ல கழட்டணும்" என்றார். ஒன்பது நாளுக்குப் பிறகு பேசியது அதுதான்.

செப்டம்பர் 16, ஞாயிறு

நேற்று நாடகம். எழுத நேற்றுக் கை வரவில்லை.

நாற்காலிகள் போதாமல் பூப்பந்து மண்டபத்தின் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஏழரைக்குத் தொடங்க வேண்டும். ஏழு மணிக்கு மகேந்திரன் சார் ஓடி வந்து, "வீரையா வந்திருக்காரு, கூட நாலஞ்சு டிரைவருங்க" என்றார். திரையின் ஓரத்தில் நின்று பார்த்தேன். அவர் வெள்ளைச் சட்டையில் வாசலிலேயே நின்றார். டிரைவர்களில் இரண்டு பேர் எனக்குத் தம்பி மாதிரி. என்ன செய்யச் சொல்லி அழைத்து வந்திருக்கிறாரோ.

அப்போது முன் வரிசையிலிருந்து அஞ்சலையம்மா எழுந்தார். மெல்ல நடந்து வாசலுக்குப் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். சின்னப் பையனைக் கூட்டி வருவது போலக் கூட்டி வந்து, தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். கையை விடவே இல்லை. டிரைவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் நின்றுகொண்டார்கள்.

நாடகம் ஓடியது. லோரி வந்தது, ரெங்கன் போனான், செய்தி வந்தது. மண்டோர் புடவை வாங்கி வந்த காட்சியில் யாரோ இருமினார்கள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். முதலாளி தலையைக் குனிந்திருந்தார்.

கடைசிக் காட்சி. மகேந்திரன் சார் வந்து நின்றார். நாற்காலியில் இருந்த துணிச் சுருட்டைத் தாண்டி, வெறும் கையோடு நான் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு வந்தேன். அவரைப் பார்த்தேன். உள்ளே போகத் திரும்பினேன்.

"தம்பி எங்க?"

அஞ்சலையம்மா நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து அல்ல, காத்தாயியைப் பார்த்துத்தான் கேட்டார். அந்தக் குரல் கிழவியின் குரலாக இல்லை.

"அம்மா இடுப்புல தம்பி இருந்தான். வெறுங்கையோட நிக்கல அவ. தம்பிய வச்சுக்கிட்டுத்தான் நின்னா. அவன விட்டுட்டு எப்படிப் போவா? அப்படிக் காட்டாதீங்க. எங்கம்மாவ அப்படிக் காட்டாதீங்க."

முதலாளி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா எதைச் சொல்கிறார் என்று அவருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் உள்ளே போனேன். துர்கா திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாற்காலியிலிருந்து துணிச் சுருட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஒரு கையில் சோற்றுச் சட்டி. மறுபடியும் வெளியே வந்தேன். மகேந்திரன் சார் என்னைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார். ஒத்திகையில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. உட்கார்ந்தார். சோறு போட்டேன்.

கீர்த்தனாவுக்கு எல்லாம் சரியாக வந்தது. "சயாம்ல செத்துட்டாரு" என்று அவள் சொன்னதும் அவர் இலையை மடித்தார். கையை நீட்டி, இழுத்துக்கொண்டார். போனார். நான் குழந்தையோடு நின்றேன். விளக்கு அணையும்வரை நிற்க வேண்டும். அணைய வெகுநேரம் ஆனது. விளக்குக்காரர் அழுதுகொண்டிருந்தாராம்.

விளக்கு வந்தபோது முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. அஞ்சலையம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வாயத் தொறந்துட்டேன் பாக்கியம். இத்தன வருஷம் வச்சிருந்துட்டு" என்றார். துர்கா வந்து அவர் காலடியில் உட்கார்ந்து, அன்றைக்கு வர வேண்டாம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். முதலாளியிடம் இடத்தைச் சொன்னது யார் என்று அஞ்சலையம்மா கேட்கவில்லை, துர்காவும் சொல்லவில்லை. நான் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் என் கையைத் தட்டி, "தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "முதலாளி கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாரா?"

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 19, புதன்

காலையில் முதலாளி வீட்டுக்கு வந்தார். கார் சத்தம் கேட்டதும் இவர் எழுந்து நிற்கப் பார்த்தார். "உக்காருப்பா" என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார். சவரம் செய்யவில்லை. நான்கு நாளில் பத்து வயது கூடியது போல இருந்தது.

ஆபீசுக்கு வேறு பெண்ணைப் போட்டுவிட்டாராம். "சொன்னத மாத்திக்க எனக்கு வராது. ஆனா வீட்டப் பத்திக் கவலப்படாத" என்றார். சரி என்றேன். வேலை போனது போனதுதான். ஒரு கிளினிக்கில் ஆள் தேடுகிறார்கள் என்று துர்கா சொல்லியிருக்கிறாள்.

தே ஓ கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்ட ரெண்டு நாளாக் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார். "அவரு எப்படி இருந்தாரு, என்னா சட்டை, எந்தப் பக்கமாப் போனாருன்னு. அவளுக்கு ஞாபகம் இல்ல. சாலைப் பக்கமான்னு கேட்டா, ஆமாங்கறா. காட்டுப் பக்கமான்னு கேட்டா, அதுக்கும் ஆமாங்கறா."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் விசிறியை முதலாளி பக்கம் திருப்பி வைத்தேன்.

"நாடகத்தத் திரும்பப் போடுவீங்களா?"

"அடுத்த மாசம் ஈப்போவுல, முதலாளி."

தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வாசல் வரை போனார். செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்.

"நாடகம் எழுதின பொண்ணுகிட்ட ஒன்னு சொல்லு. அவரு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காரு. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்தப் புள்ளயப் பேச விடாதீங்க."